சொம்பிலிருந்து சம்ப் வரை

சென்னையின் கொட்டிவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 20 வீடுகள். காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. எங்கிருந்து வருகிறது என்று அந்தக் கட்டடத்தில் ஐந்து பேரிடம் கேட்டுப் பாருங்கள். மூன்றாம் மாடிக்காரர் மொட்டைமாடித் தொட்டியைக் காட்டுவார். வாட்ச்மேன் தரைக்கடித் தொட்டியான சம்ப்பின் மூடியைக் காட்டுவார். பிளம்பர் கிணற்று மோட்டாரைக் காட்டுவார். அசோசியேஷன் செயலாளர் தண்ணி லாரிக்காரரின் போன் நம்பரை எடுத்து நீட்டுவார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர், காலடியில் கிடக்கும் மணலைக் காட்டுவார்.

ஐந்து பதிலும் சரிதான். ஐந்தையும் சேர்த்துப் பார்த்தவர்தான் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை.

பல கைகளும் பல கருவிகளும் கோத்துக்கொண்டு நடக்கும் இப்படியான ஏற்பாட்டை ‘அமைப்பு’ என்கிறோம். ஒரே இடத்தில் நின்று அதை முழுசாகப் பார்க்க வழியில்லை. வரைந்துதான் பார்க்க வேண்டும். தொழில்துறை வடிவமைப்பு படிக்கும் மாணவர்கள் நாற்காலியும் மிக்ஸியும் வரைவதோடு, இந்த அமைப்புப் படங்களையும் வரையப் பழகுகிறார்கள்.

இந்தியாவில் இந்தப் படிப்பின் தொடக்கத்திலேயே ஒரு தண்ணீர்ப் பாத்திரம் இருக்கிறது. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி, இந்திய அரசின் அழைப்பில் இங்கே சுற்றிப் பார்த்து 1958இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதை ஒட்டி 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. அந்த அறிக்கை தலைமேல் வைத்துப் போற்றிய பொருள் நம் சொம்பு. எவ்வளவு நீர் பிடிக்க வேண்டும், தூக்கும் கை எப்படிப்பட்டது, தலையில் போகுமா இடுப்பில் போகுமா, சாய்த்தால் நீர் எப்படி விழும், என்ன விலை என்று அடுக்கடுக்காகக் கேள்விகள். சொம்பைப் புரிந்துகொள்ள, அதைச் சுற்றியுள்ள வாழ்க்கை மொத்தத்தையும் பார்க்க வேண்டும் என்பதே அதன் பாடம். அதே கேள்விகளை இன்று சம்ப்பிடம் கேட்போம். மூன்று படங்கள் போதும்.

முதல் படம்: திரைக்கு முன்னும் பின்னும்

1984இல் லின் ஷோஸ்டாக் என்ற வங்கி நிர்வாகி, சேவைகளையும் கட்டட வரைபடம்போல வரையலாம் என்று எழுதினார். அவர் எடுத்துக்காட்டியது தெருவோரம் ஷூ பாலிஷ் போடும் வேலை. தூசி தட்டுவது, பாலிஷ் பூசுவது, தேய்ப்பது, காசு வாங்குவது என்று வரிசையாகக் கட்டங்கள். தவறான நிறப் பாலிஷைப் பூசிவிடக்கூடிய கட்டத்தில் ஓர் அபாயக் குறி. இவற்றுக்குக் கீழே குறுக்கே ஒரு கோடு. வாடிக்கையாளர் கண்ணில் படுவதெல்லாம் கோட்டுக்கு மேலே. பாலிஷ் டப்பா வாங்கி வைப்பது போன்றவை கீழே.

நம் கட்டடத்துக்கும் அப்படி ஒரு கோடு போடுவோம். மேலே ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும்: குழாயைத் திறப்பது. மற்ற எல்லாம் கீழே. வாட்ச்மேன் சம்ப் மூடியைத் தூக்கி மூங்கில் குச்சியை உள்ளே விடுகிறார். குச்சியில் ஈரம் ஏறிய அளவைப் பார்க்கிறார். “சார், தண்ணி கம்மியா இருக்கு” என்கிறார். செயலாளர் போன் போடுகிறார். லாரி வருகிறது. அபாயக் குறியை எங்கே வைப்பது? லாரியில் அல்ல, ‘கம்மி’ என்ற சொல்லில். வாட்ச்மேனுக்குக் கம்மி என்பது முக்கால் குச்சி காய்ந்திருப்பது. செயலாளருக்கு அது நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பது.

இரண்டாம் படம்: தேக்கமும் ஓட்டமும்

1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரெஸ்டர் உருவாக்கிய முறை இது. தேங்குவதைப் பெட்டியாகவும், வருவதையும் போவதையும் குழாய்களாகவும் வரைவார்கள். நமக்கு இது பழகிய கணக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது இந்திய நகரங்களுக்கான அளவு. வீட்டுக்கு நாலு பேர் என்றால் 80 பேர். ஒரு நாளைக்கு 10,800 லிட்டர். சம்ப் 20,000 லிட்டர் பிடிக்கும் என்றால் பாதி நீர் ஒரு நாளைக்குக்கூடத் தாங்காது. சொல்லிவிட்டு லாரி வர ஒரு நாள் ஆகுமென்றால், சம்ப் பாதிக்கு இறங்குவதற்கு முன்பே போன் போயாக வேண்டும்.

இங்கேதான் படம் வரைவதன் பலன் கைக்குக் கிடைக்கிறது. மூங்கில் குச்சியின் நடுவுக்குச் சற்று மேலே சிவப்பு பெயின்ட்டில் ஒரு கோடு. ஈரம் அதைத் தொடவில்லையென்றால் போன். ‘கம்மி’ என்ற சொல்லுக்கு இனி வேலை இல்லை. ஒரு சார்ட் பேப்பர் நிறைய வரைந்து, கடைசியில் ஒரு விரல் அகலக் கோட்டில் வந்து நிற்கிறோம். நல்ல வடிவமைப்பு பல நேரம் இவ்வளவு சிறியதாகத்தான் இருக்கும்.

மூன்றாம் படம்: சுழல்

இனி அம்புகளைக் கட்டடத்துக்கு வெளியே நீட்டுவோம். கொட்டிவாக்கத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், நடுவே மணல். அந்த மணலுக்குள் இறங்கிய மழைநீர், கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் கனமானது என்பதால், கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் அது கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை உப்பை அழுத்தி வைத்திருக்கும். இதைக் கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி என்பார்கள். கணக்கைத் திருப்பிப் போட்டால் அச்சமாக இருக்கிறது. மேலே ஒரு மீட்டர் இறைத்துத் தீர்த்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு பல மீட்டர் ஏறும்.

கிணறு கரித்தால் லாரியைக் கூப்பிடுகிறோம். லாரி உள்ளே வர முற்றத்துக்கு சிமென்ட் போடுகிறோம். சிமென்ட் போட்டதால் மழை மணலில் இறங்குவதில்லை. கிணறு மேலும் கரிக்கிறது. மேலும் லாரி. லாரித் தண்ணீர் பெரும்பாலும் புறநகர்க் கிராமத்து வயல் கிணறுகளிலிருந்து வருகிறது. அங்கேயும் இதேபோல் ஒரு சுழல் தொடங்குகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டபோது சென்னை முழுக்க இந்தச் சுழலுக்குள் சிக்கித் தவித்தது.

சுழலை எங்கே அறுப்பது? படத்தில் யாரும் விலை கொடுக்காத ஓர் அம்பு இருக்கிறது: மழை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் விழுவது மூன்று லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரியில் 26 லாரி. மழைநீர் சேகரிப்பு தமிழகத்தில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. தூர் அடைத்துக் கிடக்கும் அந்தச் சேகரிப்புக் குழியைக் கழுவி, முற்றத்துச் சிமென்டில் ஒரு பட்டையைப் பெயர்த்துவிட்டால் அம்பு மறுபடி கிணற்றைத் தொடும்.

நீங்களும் வரையலாம்

இதற்கு மென்பொருள் வேண்டாம். சார்ட் பேப்பரும் பென்சிலும் போதும். உட்கார்ந்த இடத்தில் வரையாதீர்கள். தண்ணீர் போகும் வழியே நடந்துபோய் வரையுங்கள். சம்ப்பைத் திறப்பவர், மோட்டாரைப் போடுபவர், லாரி ஓட்டுபவர் ஆகியோரிடம் படத்தைக் காட்டிப் பென்சிலை அவர்கள் கையில் கொடுங்கள். “இது இப்படி இல்லீங்க” என்று அவர்கள் திருத்தும் இடம்தான் நீங்கள் கற்கும் இடம். கடைசியாக, அளவு எழுதாத பெட்டி எது என்று தேடுங்கள்.

நம் படத்தில் அது கிணறு. சம்ப்புக்குக் குச்சி இருக்கிறது. அதைவிடப் பல மடங்கு பெரிய, நிலத்தடித் தேக்கத்துக்கு அளவுகோல் இல்லை. ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு போட்டு, நுனியில் ஒரு கல்லைக் கட்டுங்கள். மாதம் முதல் தேதி கிணற்றில் விட்டு, எத்தனை முடிச்சில் தண்ணீர் தொடுகிறது என்று மோட்டார் ரூம் சுவரில் எழுதுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒரு எண், மார்கழியில் ஒரு எண். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும் நாளில், அந்தப் பெரியவர் மணலைக் காட்டியது ஏன் என்று 20 வீட்டுக்கும் தெரிந்துவிடும்.