ரத்தப் பரிசோதனைத் தாளும் ஹெபடைட்டிஸ் சி நோயும்

செங்கற்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களிலிருந்து அறுவைச் சிகிச்சைக்காகவும் பிரசவத்திற்காகவும் சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளிலுள்ள மருத்துவமனைகளுக்குச் செல்வோர் பலர். அறுவைச் சிகிச்சைக்கு முன் ரத்தத்தைப் பரிசோதிப்பது அங்கே வழக்கம். அப்பரிசோதனைத் தாளில் 'எச்.சி.வி. ரியாக்டிவ்' என்று ஒரு வரி காணப்படுமாயின், அதனை ஊருக்குக் கொண்டுவரும் குடும்பத்தார் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்வதுண்டு. தீராத நோய் வந்துவிட்டதென அஞ்சி, நோயாளிக்குத் தனித் தட்டும் தனிப் பாயும் ஒதுக்குவது ஒன்று. உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லையே என்று தாளை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவது மற்றொன்று. இரண்டும் தீமை பயப்பனவே. அத்தாள் சொல்வது யாது, சொல்லாதது யாது என்பதைத் தெளிவாக அறிந்துகொண்டால் இவ்விரு தவறுகளையும் தவிர்க்கலாம்.

நோயின் இயல்பு

ஹெபடைட்டிஸ் என்பது கல்லீரல் அழற்சியாகும். இதனை உண்டாக்கும் வைரஸ்களுள் ஏ, பி, சி, டி, இ என்னும் ஐந்தும் முக்கியமானவை. ஏ, இ ஆகிய இரண்டும் அசுத்தமான நீராலும் உணவாலும் பரவுவன. குடிநீரில் குளோரின் கலந்து அவற்றைத் தடுக்கலாம் என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் நன்கு அறிவர். சி வைரஸோ ரத்தத்தின் வழியாகப் பரவுவது. குடிநீருக்கும் அதற்கும் தொடர்பில்லை. இவ்வைரஸ் 1989-ஆம் ஆண்டில் அடையாளம் காணப்பெற்றது. இது குறித்த ஆராய்ச்சிக்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவர் 2020-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவ்வைரஸ் உடலில் புகுந்தோரில் நூற்றுக்கு 15 முதல் 45 பேர் வரை, மருந்தின்றியே ஆறு மாதங்களுக்குள் அதிலிருந்து விடுபடுகின்றனர். எஞ்சியோரின் உடலில் அது நிலைத்துவிடுகிறது. அவ்வாறு நிலைத்தவர்களுள் நூற்றுக்கு 15 முதல் 30 பேர் வரை இருபது ஆண்டுகளுக்குள் கல்லீரல் சுருக்க நோய்க்கு ஆளாகின்றனர். சிலருக்குக் கல்லீரல் புற்றுநோயும் தோன்றும். இத்தனை ஆண்டுகளும் நோயாளி வழக்கம்போல் ஏர் ஓட்டுவார், களை எடுப்பார். வெளியே ஓர் அறிகுறியும் தோன்றாதிருக்கலாம். ஆதலின், நலமாக இருக்கிறேன் என்ற எண்ணத்தை மட்டும் நம்பித் தாளை ஒதுக்கிவிடலாகாது.

முதற் பரிசோதனை காட்டுவது

முதலில் செய்யப்படுவது எதிர்ப்பொருள் பரிசோதனை. வைரஸ் புகுந்தவுடன் அதனை எதிர்க்க உடல் ஒருவகைப் பொருளை உண்டாக்குகிறது. வைரஸ் நீங்கிய பின்னரும் அப்பொருள் பெரும்பாலோர் ரத்தத்தில் பல்லாண்டுகள் தங்கியிருக்கும். வயலில் மாட்டின் குளம்படி காணப்பட்டால், மாடு ஒருகாலத்தில் வந்து போனது என்று அறியலாம். அது இன்னும் பயிரில் நிற்கிறதா என்பதைக் குளம்படி சொல்லாது. 'ரியாக்டிவ்' என்னும் சொல்லும் இத்தகையதே. சிலபோது வைரஸ் ஒருநாளும் புகாதவருக்கும் இப்பரிசோதனை தவறாக 'ரியாக்டிவ்' எனக் காட்டுவதுண்டு. அச்சொல்லின் அருகே அச்சிடப்பெறும் எண் நோயின் கடுமையைக் குறிப்பதன்று.

'நான் ரியாக்டிவ்' என்று வந்தால், பொதுவாக நோய்த்தொற்று இல்லை என்று கொள்ளலாம். ஆயினும், எதிர்ப்பொருள் தோன்ற இரண்டு மூன்று மாதங்கள் ஆகக்கூடும். அண்மையில் பிறர் ரத்தம் பட்ட ஊசி குத்தியிருந்தால், அதனை மருத்துவரிடம் கூறி, அவர் குறிக்கும் காலத்தில் மீண்டும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

முடிவு சொல்லும் இரண்டாம் பரிசோதனை

மாடு வயலில் நிற்கிறதா என்பதைக் காட்டுவது 'எச்.சி.வி. ஆர்.என்.ஏ.' என்னும் பரிசோதனை. இது வைரஸையே நேரில் தேடுவது. 'டிடெக்டட்' என்று வந்தால் வைரஸ் உடலில் இருக்கிறது, சிகிச்சை தேவை. 'நாட் டிடெக்டட்' என்று வந்தால் இப்பொழுது வைரஸ் காணப்படவில்லை. பெரும்பாலோருக்குச் சிகிச்சை வேண்டியதில்லை. இதில் லட்சக்கணக்கான எண் வந்தாலும் அஞ்ச வேண்டுவதில்லை. அது ரத்தத்திலுள்ள வைரஸின் அளவேயன்றிக் கல்லீரல் கெட்டுள்ள அளவன்று. கல்லீரலின் நிலையை அறிய வேறு பரிசோதனைகள் உண்டு.

ஆகவே, முதல் தாளோடு நின்றுவிடுவது பாதிக் கிணறு தாண்டியதற்கு ஒப்பாகும். இரண்டாம் பரிசோதனை செய்யாதவரை நோய் உண்டு என்றும் கூற இயலாது. இல்லை என்றும் கூற இயலாது.

பரவும் வழியும் பரவாத வழியும்

ஒருவர் ரத்தம் மற்றொருவர் ரத்தத்தில் கலந்தாலன்றி இந்நோய் எளிதில் பரவாது. ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியையும் சிரிஞ்சையும் மற்றவருக்குப் பயன்படுத்துவது, பரிசோதிக்கப்படாத ரத்தத்தை ஏற்றுவது, தூய்மை செய்யாத கருவிகளால் பச்சை குத்துவது, காது குத்துவது, பல் பிடுங்குவது, சவர பிளேடைப் பலர் பயன்படுத்துவது ஆகியவை அபாயமான வழிகள். நோயுள்ள தாயிடமிருந்து நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து குழந்தைகளுக்குத் தொற்றக்கூடும். உடலுறவால் பரவுவது குறைவு. எனினும் அறவே இல்லையென்று கூறுவதற்கில்லை.

சேர்ந்து உண்பதாலும், ஒரே குவளையில் நீர் அருந்துவதாலும், கை தொடுவதாலும், இருமலாலும், கொசுக்கடியாலும் இந்நோய் பரவாது. தாய்ப்பால் கொடுப்பதையும் நிறுத்த வேண்டியதில்லை. மார்புக் காம்பில் வெடித்து ரத்தம் கசிந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டு நடக்க வேண்டும். தனித் தட்டும் தனிப் பாயும் எவரையும் காப்பாற்றுவதில்லை. நோயாளியின் பிளேடு, பல்துலக்கி, நகவெட்டி ஆகியவற்றைத் தனியே வைத்தால் போதும்.

சென்னை கற்பித்த பாடம்

1986-ஆம் ஆண்டில் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். நோயாளிகளைப் பலரும் ஒதுக்கிய அக்காலத்தில், 1993-இல் அவர் ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்தைத் தொடங்கினார். ஊசிவழிப் போதைப்பொருள் கொள்வோரிடையே ஹெபடைட்டிஸ் சி பரவியிருப்பதையும் அந்நிலையத்தார் சென்னையில் ஆராய்ந்தனர். ஒதுக்கப்படுவோம் என்று அஞ்சுபவர் பரிசோதனைக்கு முன்வரமாட்டார். பரிசோதிக்கப்படாதவர் சிகிச்சையும் பெறமாட்டார். எச்.ஐ.வி. கற்பித்த இப்பாடம் ஹெபடைட்டிஸ் சி நோய்க்கும் பொருந்தும்.

சிகிச்சை உண்டு

முன்பு இந்நோய்க்குப் பல மாதங்கள் இன்டர்ஃபெரான் ஊசி போட வேண்டியிருந்தது; துன்பமும் செலவும் மிகுதி. இன்று சோஃபோஸ்புவிர், டாக்லாடாஸ்விர் போன்ற மாத்திரைகளைப் பெரும்பாலோர் 12 வாரங்கள் உண்டால் போதும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமடைகின்றனர். சிகிச்சை முடிந்து 12 வாரங்கள் கழித்து மீண்டும் ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்து குணத்தை உறுதி செய்ய வேண்டும். 2018 ஜூலை 28-இல் தொடங்கப்பெற்ற தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்படி, இதற்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம். மாவட்ட அரசு மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ விசாரித்து அறியலாம். குணமடைந்தவருக்கும் மறுபடி தொற்றக்கூடும். இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. மதுவை அறவே விலக்க வேண்டும்.

கீழாநெல்லி போதாதா என்று கேட்போர் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ். பி. தியாகராஜன் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. ஆனால் அது பி வைரஸைப் பற்றியது. பின்னர்ப் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிட்டவில்லை. சி வைரஸுக்குக் கீழாநெல்லியை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடுவது காலத்தை வீணாக்குவதாகும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

காய்ச்சலுக்கெல்லாம் ஊசி கேட்கும் பழக்கத்தை மக்கள் கைவிடுமாறு எடுத்துரைக்க வேண்டும். ஊசி தேவையெனில், புதிய உறையைக் கண்முன்னே பிரிக்கக் கேட்பது ஒவ்வொருவரின் உரிமை. முடிதிருத்தும் நிலையங்களில் ஆளுக்கொரு புதிய பிளேடும், திருவிழாக்களில் காது குத்துவோரிடமும் பச்சை குத்துவோரிடமும் ஆளுக்கொரு புதிய ஊசியும் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவரின் பரிசோதனை முடிவைப் பிறரறியப் பேசலாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, முதல் தாளோடு வீடு திரும்பியவரை இரண்டாம் பரிசோதனைக்கு அனுப்பிவைப்பது கிராமத் தலைவர்கள் செய்யக்கூடிய பேருதவியாகும். அதற்கு வேண்டுவது பெரும் பணமன்று. பேருந்துச் செலவும் உடன்செல்ல ஒரு துணையுமே.