முணுமுணுப்புக்குச் செவிசாய்ப்போம்

தியானப் பகுதி: திருத்தூதர் பணிகள் 6:1-7



உடல் நலங்குன்றினால் காய்ச்சல் அதனைக் காட்டிக்கொடுக்கிறது. நாம் நாள்தோறும் சேர்ந்து உழைக்கும் குழு நலங்குன்றியிருப்பதை எவ்வாறு அறிவது?

எருசலேமில் சீடர்களின் தொகை பெருகியபோது, அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை எனக் கிரேக்கமொழி பேசுவோர் முணுமுணுத்தனர். திருத்தூதர்கள் அக்குரலை அடக்கவில்லை. குறைகூறியோரைக் கலகக்காரர் என ஒதுக்கவுமில்லை. அனைவரையும் ஒன்றுகூட்டி, நற்சான்று பெற்ற எழுவரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே என்பதைக் கவனியுங்கள். குறையை உணரக்கூடியவர்களிடமே பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது எனலாம். அதன்பின் சீடர்களின் தொகை மேலும் பெருகிற்று.

நமது மாத்தளை மாவட்டத்தின் இரத்தோட்டை, எல்கடுவ மலைச்சாரல்களை எண்ணிப் பாருங்கள். ஒரு கோப்பைத் தேநீரில்தான் எத்தனை பேரின் உழைப்பு! கொழுந்து பறிப்பவர், நிறுப்பவர், லொறியில் ஏற்றுபவர், தொழிற்சாலையில் வாட்டி அரைப்பவர். கொழுந்தைச் சாக்கில் அழுத்தித் திணித்தால் அது கசங்கிச் சூடேறிவிடும். பின்னர் எவ்வளவு திறமையாகப் பதப்படுத்தினாலும் இழந்த தரம் மீளாது. லொறி தாமதிப்பதைக் கொழுந்து பறிக்கும் சகோதரியே முதலில் அறிகிறாள். அதைப் பெரட்டுக் களத்தில் சொல்ல அவளால் இயலுமா? நிறுவையில் கழிக்கப்பட்ட கிலோவுக்குக் காரணம் கேட்க அவளுக்குத் துணிவு வருமா? கேட்டால் பதில் கிடைக்குமா? தோட்டமானாலும் கடையானாலும் அலுவலகமானாலும், குழுவின் நலத்தை அளக்கும் தராசு இதுவே. முணுமுணுப்பே இல்லாத இடம் நலமான இடமென்று எண்ணிவிடாதீர்கள்; அங்கே அச்சம் குடிகொண்டிருக்கலாம்.

மாத்தளை கண்டி இராச்சியத்துக்கு உட்பட்டிருந்த காலம் அது. 1697இல் கண்டியில் அம்மைநோய் பரவியபோது, புனித யோசேவ் வாஸ் அடிகளார் தம் உடன்பணியாளரான யோசேவ் கர்வாலோ அடிகளாருடன் சேர்ந்து, கைவிடப்பட்ட நோயாளரைத் தம் கைகளாலேயே பராமரித்தார். மறைப்பணியின் தலைவராயிருந்தும் கடைநிலைப் பணியை அவர் வெறுக்கவில்லை. அத்தகைய தலைவரிடம் குறையைச் சொல்ல எவர் தயங்குவார்?

பொறுப்பிலிருப்பவரே, வாரம் ஒருமுறை உம் குழுவை அழைத்து, கடைநிலையில் உள்ளவரை முதலில் பேசவிடும். கேட்டவற்றுள் ஒன்றையேனும் அடுத்த வாரத்திற்குள் சீர்செய்யும். பணியாளரே, குறையைப் புறங்கூறித் திரியாமல், ஆண்டவர் கற்பித்தபடி (மத்தேயு 18:15) உரியவரிடமே நேரில் பணிவுடன் எடுத்துரையும். இப்பழக்கம் நம் இல்லங்களின் இரவு உணவு வேளையிலிருந்தே தொடங்கட்டும்.

ஆண்டவரே, எளியோரின் குரலைக் கேட்கும் செவியை எங்களுக்குத் தந்தருளும். ஆமென்.