முதலில் மடிந்த நட்சத்திரம்

பெயர் பெற்ற நடிகை ஒருவர் படத்தின் தொடக்கத்திலேயே கொல்லப்பட்டால், மீதிப் படத்தை யாருக்காகப் பார்ப்பது? 1996ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான 'ஸ்க்ரீம்' திரைப்படம் இரசிகர்களை இப்படித்தான் திகைக்க வைத்தது.

விளம்பரங்களில் முன்னிறுத்தப்பட்டவர் டுரூ பேரிமோர். 'ஈ.டி.' (1982) படத்தில் சிறுமியாக நடித்து உலகெங்கும் அறிமுகமானவர். கதாநாயகி அவர்தான் என்று எண்ணியே பலரும் அரங்கிற்குள் நுழைந்தனர். வீட்டில் தனியாக இருக்கும் அவர் சோளப்பொரி பொரித்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசி மணி அடிக்கிறது. பதின்மூன்று நிமிடங்கள் ஆவதற்குள் அவர் கதை முடிந்துவிடுகிறது.

இது பேரிமோரே கேட்டு வாங்கிய முடிவு என்பது குறிப்பிடத்தக்கது. முதலில் அவருக்கென்று பேசப்பட்டது சிட்னி என்ற கதாநாயகி வேடம். அதை விட்டுவிட்டு, முதலில் சாகும் பெண்ணாக நடிக்கிறேன் என்றார். தாமே இறந்துவிட்டால், இனி யாருக்கும் பாதுகாப்பில்லை என்று இரசிகர்கள் நம்புவார்கள் என்பது அவருடைய கணக்கு. ஹிட்ச்காக் 1960இல் 'சைக்கோ' படத்தில் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

முகமூடிக் கொலையாளி இளையர்களை ஒருவர் பின் ஒருவராகச் சாய்க்கும் படங்களை 'ஸ்லாஷர்' என்பார்கள். 1978இல் வந்த 'ஹாலோவீன்' வெற்றிக்குப் பிறகு இவை மழைக்காலக் காளான்போல் பெருகின. பெரும்பாலும் அறிமுகம் இல்லாத முகங்கள், குறைந்த செலவு. யார் எப்போது சாவார் என்பது இரசிகர்களுக்கு மனப்பாடம். கெவின் வில்லியம்சன் எழுதி வெஸ் கிரேவன் இயக்கிய 'ஸ்க்ரீம்' அதையே நகைச்சுவையாக்கியது. கதைமாந்தர்களே அந்தப் படங்களைப் பார்த்தவர்கள். ஜேமி கென்னடி நடித்த ராண்டி, தொலைக்காட்சியில் 'ஹாலோவீன்' பார்த்துக்கொண்டே, அதில் நடிக்கும் ஜேமி லீ கர்ட்டிசைப் பார்த்து, "ஜேமி, பின்னால் பார்!" என்று கத்துகிறார். கத்தும் நடிகரின் பெயரும் ஜேமிதான். அவர் பின்னாலேயே கொலையாளி கத்தியோடு நிற்கிறான். சிரிப்பதா நடுங்குவதா?

மற்றவர்களில் சிலரைத் தொலைக்காட்சி ஏற்கெனவே வீட்டுப் பிள்ளைகள்போல் ஆக்கியிருந்தது. சிட்னியாக நடித்த கனடா நாட்டு நடிகை நெவ் கேம்பல் 'பார்ட்டி ஆஃப் ஃபைவ்' தொடரில் வந்தவர். 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரின் கோர்ட்னி காக்ஸ், அந்த நல்ல பெண் தோற்றத்தை உடைக்க வேண்டும் என்றே, ஈவிரக்கமற்ற செய்தியாளர் வேடத்தை விரும்பிக் கேட்டு வாங்கினார். மேத்யூ லில்லார்ட்டோ, வேறொரு நடிகர் தேர்வுக்குத் தோழியுடன் வந்த இடத்தில் வாய்ப்புப் பெற்றவர்.

முகமே காட்டாமல் பயமுறுத்தியவர் ரோஜர் எல். ஜாக்சன். தொலைபேசியில் வரும் குரல் அவருடையது. அவரை மற்ற நடிகர்கள் நேரில் சந்திக்கவிடாமல் பார்த்துக்கொண்டார் இயக்குநர். படப்பிடிப்பின்போது ஜாக்சன் மறைவான இடத்திலிருந்து உண்மையாகவே தொலைபேசியில் பேசினார். பேரிமோரின் நடுக்கத்தில் பாதி நடிப்பல்ல என்று சொன்னாலும் தகும்.

டேவிட் ஆர்குவெட் நடித்த காவலர் டூயி, கதைப்படி இறக்க வேண்டியவர். எதற்கும் இருக்கட்டும் என்று, அவர் உயிரோடு தூக்கிச் செல்லப்படும் காட்சியையும் கிரேவன் எடுத்து வைத்திருந்தார். முன்னோட்டக் காட்சி பார்த்தவர்களுக்கு அவரைப் பிடித்துப்போகவே, டூயி பிழைத்துக்கொண்டார். கொலையாளி யார் என்பதை இன்னும் பார்க்காதவர்களுக்காக இங்கே சொல்லாமல் விடுவதே முறை.

ஏறக்குறைய 15 மில்லியன் அமெரிக்க டாலரில் எடுக்கப்பட்ட படம் உலகெங்கும் 170 மில்லியனுக்கு மேல் ஈட்டியது. தொடர்ச்சிகள் வரிசையாக வந்தன. 2015இல் கிரேவன் காலமான பின்பும் நிற்கவில்லை.

ஆனால் 2022இல் ஆறாம் படத்துக்குப் பேசப்பட்ட ஊதியம், தாம் இத்தொடருக்குக் கொண்டுவந்த மதிப்புக்கு ஈடாக இல்லை என்று கேம்பல் வெளிப்படையாகவே விலகினார். 1996 முதல் ஐந்து படங்களையும் தாங்கியவர் அவர். 2023இல் வெளியான அந்தப் படத்தில் சிட்னி இல்லை. 2024 மார்ச்சில், ஏழாம் படத்துக்குத் திரும்புவதாக அவரே அறிவித்தார். அதை இயக்கும் பொறுப்பு, முதல் கதையை எழுதிய வில்லியம்சனிடம் ஒப்படைக்கப்பட்டது.