எவர்சில்வரும் துருப்பிடிக்கும்! படகின் சுக்கானில் ஒளிந்திருக்கும் ஆபத்து

கன்னியாகுமரியை ஒட்டிய சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அதே மாவட்டத்தின் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டினம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகின் அடிப்பாகத்தை நிதானமாகப் பார்க்க வாய்ப்பு கிடைப்பது அப்போதுதான். பெயின்ட் உரிந்திருந்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால், சுக்கான் தண்டு பேரிங்குக்குள் நுழையும் இடம் மட்டும் கண்ணில் படாது. விசைப்படகோ, பாய்மர உல்லாசப் படகோ, பிரச்சினை ஒன்றுதான். நடுக்கடலில் தண்டு இறுகிக்கொண்டால் படகைத் திருப்ப முடியாது.

'எவர்சில்வர் தண்டுதானே, துரு எப்படிப் பிடிக்கும்?' என்று கேட்கலாம். எவர்சில்வரைக் காப்பது அதன் மேலிருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். அது சிதைந்தால் மறுபடி உருவாக ஆக்சிஜன் வேண்டும். பேரிங்கின் குறுகிய இடுக்கில் உப்புத்தண்ணீர் தேங்கிக் கிடக்க, ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. படலம் போய், உலோகத்தில் குழி விழுகிறது. வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும். அதுதான் ஏமாற்று வேலை.

பேரிங் உறை அலுமினியம் என்றால் சிக்கல் இன்னும் கூடும். இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டு கடல்நீரில் கிடந்தால் அது ஒரு பேட்டரி மாதிரி. அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாகி, பேரிங்கை நெரிக்கும். பிரிட்டிஷ் கடற்படை இந்தப் பாடத்தை எப்போதோ படித்துவிட்டது. 1761-ல் 'அலாரம்' என்ற கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்தார்கள். இரண்டே வருடத்தில் தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போயின. மலிவான உலோகத்தைப் பலி கொடுத்து மற்றதைக் காக்கலாம் என்று 1824-ல் ஹம்ப்ரி டேவி காட்டினார். இன்று படகுகளில் மாட்டும் ஜிங்க் கட்டிகளின் கதை அங்கே தொடங்குகிறது.

அந்தக் கட்டியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். படகோடு சேர்த்து அதன் மேலும் பெயின்ட் அடித்துவிட்டால் வேலை செய்யாது. பேரிங் பிளாஸ்டிக் என்றால், படகின் உடம்பில் மாட்டிய கட்டியோடு தண்டுக்கு மின்தொடர்பே இருக்காது. தனியாக ஒயர் இணைக்க வேண்டும். வருடக்கணக்கில் கட்டி தேயாமல் புத்தம்புதுசாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் இடுக்கின் உள்ளே வரை கட்டியின் காவல் முழுதாக எட்டாது. கரையேற்றியதும் நல்ல தண்ணீர் பீய்ச்சி உப்பைக் கழுவுவது அவசியம்.

கிராஃபைட் கலந்த கிரீஸ் வேண்டவே வேண்டாம். கிராஃபைட்டே அரிப்பைத் தூண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு கலந்த பாசித்தடுப்பு பெயின்ட்டும் ஆகாது. கடைசியாக, சுக்கானின் கீழ்முனையைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்று ஆடினாலோ, திருப்பக் கனத்தாலோ, தண்டைக் கழற்றிப் பார்த்த பிறகே படகு தண்ணீரில் இறங்கணும்.