நூல் சொல்லும் கணக்கு

"பதினைந்தரை மணி நேரமாம்! ஏழு மாதக் குழந்தை எப்படித் தாங்கும்? பாலுக்கு என்ன செய்வாள்?" என்று எதிர் வீட்டு மாமி கண் கலங்கினாள்.

மாமியின் பெண் லண்டனிலிருந்து குழந்தையுடன் தனியாக வருகிறாள். ஜனவரி மாதப் பயணம். பகல் 1 மணிக்கு அங்கே புறப்பாடு. மறுநாள் விடியற்காலை 4-30க்குச் சென்னை. விரல் விட்டு எண்ணினால் பதினைந்தரை மணி வரத்தான் செய்கிறது!

மாமியின் எண்ணிக்கையில் பிழை இல்லை. ஆனால் டிக்கெட்டில் இருப்பவை இரண்டு ஊர்க் கடிகாரங்கள் அல்லவா? குளிர்காலத்தில் லண்டன் கடிகாரம் நம்முடையதற்கு ஐந்தரை மணி பின்னால் நிற்கும். அங்கே பகல் 1 மணி என்றால் இங்கே மாலை 6-30. அதிலிருந்து விடியற்காலை 4-30 வரை பத்தே மணிதான். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பார்கள். அப்போது நாலரை மணிதான் வித்தியாசம்.

மாமி சமாதானமாகவில்லை. "அவ்வளவு தூரத்தைப் பத்து மணியில் கடந்துவிட முடியுமா?" என்றாள். பேரன் படிக்கும் பூகோள உருண்டையையும் கொஞ்சம் தையல் நூலையும் எடுத்து வந்தேன்.

முதலில் உருண்டையின் இடுப்பை, அதாவது பூமத்திய ரேகையை, நூலால் சுற்றி அளந்தோம். 80 சென்டிமீட்டர். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். ஆகவே ஒரு சென்டிமீட்டருக்கு 500 கிலோமீட்டர். பிறகு சென்னைக்கும் லண்டனுக்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடித்தோம். பதினாறரை சென்டிமீட்டர்; அதாவது 8,250 கிலோமீட்டர்!

சுவர்ப் படத்தில் கோடு கிழித்தால் அது அரபு நாட்டின் மேல் போகும். உருண்டையிலோ நூல் வடக்கே வளைந்து குஜராத், ஈரான், காஸ்பியன் கடல், உக்ரைன் என்று போயிற்று. உருண்டையான பூமியில் அதுதான் குறுக்கு வழி.

பெரிய ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் பறக்கும். வகுத்துப் பாருங்கள்: ஒன்பது மணி பத்து நிமிஷம். ஏறவும் இறங்கவும் அரை மணி சேருங்கள். நூல் போன வழியிலேயே விமானமும் போய்விட முடியாது. 2022 பிப்ரவரியில் போர் மூண்டதும் உக்ரைன் வானம் பயணி விமானங்களுக்கு மூடப்பட்டது. அப்படிச் சுற்றிப் போகும்போது நேரம் கூடும். ஆனால் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று, இந்தியா வரும் விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளிவிடும். போகும்போது அதே காற்று எதிர்த்து நிற்கும். அதனால்தான் போகிற பயணம் வருகிற பயணத்தைவிட நீளுகிறது. கூட்டிக் கழித்தால் பத்து மணிக்கு அருகிலேயே வந்து நிற்கிறது.

மாமியின் முகம் தெளிந்தது. உடனே பெண்ணுக்கு டெலிபோன் போட்டாள்.

"பத்து மணிப் பிரயாணந்தானடி! ஆனால் விமான நிலையத்தில் காத்திருப்பதை நூல் சொல்லாது. இரண்டு வேளைப் பால் கூடவே எடுத்துக்கொள்!"

இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை, பாருங்கள்!