இராஜகிரியின் பிளவும் கட்டுவிரியனின் கடியும்

செஞ்சிக் கோட்டையில் இராஜகிரியின்மேல் ஏறுகிறவர்கள், கமலக்கண்ணியம்மன் கோயிலைக் கடந்து, முடிவே இல்லாததுபோல் தோன்றும் படிகளையும் கடந்து, இனி உச்சி வந்துவிட்டது என்று மூச்சு விடுகிற தறுவாயில், பாறை இரண்டாகப் பிளந்து கிடப்பதைக் காண்பார்கள். 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ளதென்று கணக்கிடப்பட்ட அந்தப் பிளவின்மேல் ஒரு பாலம் இருக்கிறது. அதைத் தாண்டினால்தான் கோட்டையின் தலைவாயில். 1690-இல் மொகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் முற்றுகையிடத் தொடங்கி, 1698-இல்தான் செஞ்சி மொகலாயர் வசமாயிற்று என்று படிக்கும்போது வியப்படைகிறவர்களுக்கு, இந்தப் பிளவின் ஓரத்தில் ஒருமுறை நின்று பார்த்தால் அவ்வியப்பு நீங்கிவிடும். இக்கரையிலிருந்து எப்பேர்ப்பட்ட தூதன் வந்தாலும், அக்கரையில் இருக்கும் காவற்காரன் ஏற்றுக்கொண்டாலன்றிச் செய்தி உள்ளே போகாது. பாலத்தைக் காப்பதும், பழுது பார்ப்பதுங்கூட அக்கரைக்காரனுடைய பொறுப்பாகத்தான் இருந்திருக்கும்.

நம்முடைய தேகத்திலும் இத்தகைய பிளவுகள் கோடானுகோடி உண்டு. நரம்பு என்பது மூளையிலிருந்து விரல் நுனிவரை அறுபடாமல் ஓடும் கம்பி என்று எண்ணுவது நம்மில் பலருக்கு இயல்பு. உண்மையில் ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனியே முடிகிறது. ஒன்றின் முடிவுக்கும் அடுத்ததன் தொடக்கத்துக்கும் இடையே ஒரு வெளி நிற்கிறது. அந்தச் சந்திப்புக்கு 1897-இல் ஆங்கில உடலியல் அறிஞர் ஷெரிங்டன் ‘சினாப்ஸ்’ என்று கிரேக்கச் சொல் ஒன்றிலிருந்து பெயரிட்டார். நரம்புச் சந்தி என்று நாம் சொல்லலாம். நரம்பு தசையைச் சந்திக்கும் இடத்தில் அந்த இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை 20,000 கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறின் அளவே. நரம்பின் வழியே ஓடிவரும் மின்துடிப்பு இந்தச் சிறு வெளியைத் தாண்டுவதில்லை. 1921-இல் ஆட்டோ லோவி என்பவர், கனவில் தோன்றிய ஒரு யோசனையைப் பின்பற்றி, ஒரு தவளையின் இதயத்து நரம்பைத் தூண்டி, அவ்விதயத்தை நனைத்திருந்த திரவத்தை எடுத்து மற்றொரு தவளையின் இதயத்தில் விட, அதுவும் துடிப்புத் தளர்ந்தது. தூது செல்வது ஒரு ரசாயனப் பொருள் என்பது அன்று விளங்கிற்று. அசிட்டைல்கோலின் என்பது அதன் பெயர்.

தூதனைக் கண்டுபிடித்தார்களே தவிர, அக்கரையில் நிற்பவனை வெகுகாலம் யாரும் காணவில்லை. தசையில் ‘ஏற்கும் பொருள்’ ஒன்று இருக்கவேண்டும் என்று கேம்பிரிட்ஜில் லாங்லி 1905-லேயே அனுமானித்துவிட்டார். அனுமானத்தைப் பிரத்தியட்சமாக்கியது எது என்றால், செஞ்சி வட்டாரத்துக் குடியானவர்கள் பெயர் சொல்லவும் அஞ்சுகிற ஒரு பிராணியின் இனம்.

கட்டுவிரியன் இரவில் திரிவது. வெறுந்தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களைத் தூக்கத்தில் கடித்துவிடும். பல் பதிந்த அடையாளம் பெரும்பாலும் தெரியாது. வலியும் வீக்கமும் அநேகமாக இரா. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தவருக்குக் கண்ணிமைகள் தாமாகக் கீழே சரியும், நாக்குக் குழறும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுவிடும் தசைகளும் ஓய்ந்துவிடும். இத்தனைக்கும் மூளை தெளிவாக இருக்கிறது, தசைகளிலும் பழுதில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள பிளவைத் தாண்டிச் செய்தி போகவில்லை, அவ்வளவுதான்.

1963-இல் தைவானில் சாங், லீ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், அத்தீவில் வாழும் கட்டுவிரியன் இனப் பாம்பொன்றின் விஷத்தைக் கூறு பிரித்தபோது, தசையின் பக்கத்தில் மட்டும் போய், ஒட்டினால் எளிதில் விடாமல் பற்றிக்கொள்ளும் ஒரு நஞ்சு அகப்பட்டது. அதையே தூண்டிலாக்கி, 1970-இல் பாரிஸ் நகரத்து ஷான்ஷே, மின்விலாங்கின் மின் உறுப்பிலிருந்து அந்த ‘ஏற்கும் பொருளை’, அதாவது ஏற்பிப் புரதத்தைப் பிரித்தெடுத்தார். ஐந்து துண்டுகள் வட்டமாகக் கூடிய ஒரு வாயில் அது. அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள் இரண்டு வந்து அமர்ந்ததும் நடுவழி திறக்கிறது, சோடியம் உள்ளே பாய்கிறது, தசை சுருங்குகிறது. லாங்லியின் அனுமானத்துக்கு உருவம் கிடைக்க 65 ஆண்டுகள் ஆயின.

நல்ல பாம்பின் நஞ்சு இவ்வாயிலைத்தான் அடைக்கிறது. கட்டுவிரியனோ இரு கரையிலும் கை வைக்கிறது. வாயிலை அடைப்பதோடு, அக்கரைக்குத் தூதனுப்பும் நரம்பு முனையையே சிதைத்துவிடுகிறது. சிதைந்த முனை மறுபடி வளர்வதற்கு நாட்களும் வாரங்களும் ஆகுமாகையால், மாற்று மருந்து ஏற்றிய பின்னும் செயற்கைச் சுவாசத்தில் நோயாளியைக் காத்துக்கொண்டிருக்க நேர்கிறது.

பாம்பு கடிக்காமலே இமை சரிகிற வியாதி ஒன்றுண்டு; மயஸ்தீனியா என்பார்கள். மாலை நேரமாக ஆக உடல் தளரும். கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பாடாகும். 1973-இல் பால்டிமோர் நகரில் ஃபாம்பரோ, டிராக்மன், சத்தியமூர்த்தி என்ற மூவர் அந்தத் தைவான் பாம்பின் நஞ்சைக்கொண்டு அந்நோயாளிகளின் தசைகளை அளந்து பார்த்தபோது, இருக்கவேண்டிய ஏற்பிகளில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்று தெரிந்தது. நோயைத் தடுக்க உடம்பு வளர்க்கும் எதிர்ப்பொருள்களே இங்கு வழிதவறிச் சொந்த வாயிற்காவலரை அழிக்கின்றன.

ஆனால், என் மனத்தை அதிகமாகக் கவர்ந்தது இதன் பிற்பாட்டுக் கதைதான். நோயாளிகளில் ஒரு சாராரிடம் அசிட்டைல்கோலின் ஏற்பிக்கு எதிரான பொருளே காணப்படவில்லை. அவர்களில் சிலருக்கு மஸ்க் என்ற வேறொரு ஏற்பிப் புரதமும் (இது 2001-இல் தெரிந்தது), இன்னும் சிலருக்கு எல்.ஆர்.பி.4 என்ற மூன்றாவதும் (இது 2011-இல்) தாக்குதலுக்கு இலக்காகியிருந்தன. இவ்விரண்டும் அசிட்டைல்கோலின் தூதைப் பெறுபவை அல்ல. நரம்பு முனை அக்ரின் என்னும் பொருளைக் கசியவிடுகிறது, அதை எல்.ஆர்.பி.4 ஏற்று மஸ்க்கைத் தூண்ட, மஸ்க்கின் ஏவலால் அசிட்டைல்கோலின் ஏற்பிகள் எல்லாம் நரம்பு முனைக்கு நேர் எதிரே, ஒரு மைக்ரான் சதுரத்தில் பதினாயிரம் என்ற நெருக்கத்தில், வந்து கூடுகின்றன. அக்ரினோ மஸ்க்கோ இல்லாமல் பிறக்கச் செய்த எலிக்குட்டிகள் மூச்செடுக்க இயலாமல் பிறந்தவுடனே மாண்டன என்று 1996-இல் வெளியான ஆராய்ச்சிகள் காட்டின. ஏற்பிகள் இருந்தன, ஆனால் இடந்தெரியாமல் தசையெங்கும் சிதறிக் கிடந்தன.

இதனினும் விசித்திரமான செய்தி 2012-இல் வந்தது. தசையிலுள்ள எல்.ஆர்.பி.4, நரம்பின் சொல்லைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதில்லை. எதிரே நிற்கும் நரம்பு முனையைத் தொட்டு, ‘இங்கே நில், இங்கே வேரூன்று’ என்று அதற்கே திருப்பிச் சொல்லுகிறது. கேட்பவன் சொல்பவனை நிலைநிறுத்துகிறான்! மூளைக்குள்ளும் இதே ஏற்பாடு உண்டு. ஒரு நரம்பணுவிலுள்ள நியூரெக்ஸின் இடைவெளியைத் தாண்டி அடுத்ததன் நியூரோலிஜினைக் கைகோத்துப் பிடிக்கிறது. அந்த நியூரெக்ஸினும் 1992-இல் ஒரு சிலந்தியின் விஷம் எங்கே ஒட்டுகிறது என்று தேடிப்போன இடத்தில்தான் அகப்பட்டது. மருத்துவ சாஸ்திரம் விஷப் பிராணிகளுக்குப் பட்டிருக்கும் கடன் சிறிதன்று.

இனிக் கீரியைப் பற்றி ஒரு வார்த்தை. பாம்பிடம் கடிபட்ட கீரி ஓடிப்போய் ஒரு பச்சிலையைக் கடித்துவிட்டுத் திரும்பிவந்து சண்டையைத் தொடரும் என்று நம் கிராமங்களில் சொல்லக் கேளாதவர் இல்லை. பச்சிலை கீரியின் உடம்பிலேயே இருக்கிறது என்றுதான் சொல்லவேண்டும். 1992-இல் இஸ்ரேலின் வெய்ஸ்மன் ஆராய்ச்சி நிலையத்தார் எகிப்தியக் கீரியின் ஏற்பியை ஆராய்ந்தபோது, பாம்பு நஞ்சு பற்றும் இடத்தில் சில அமினோ அமிலங்கள் மாறியிருப்பதால் அந்நஞ்சு ஒட்டாமல் வழுக்கிவிடுவதைக் கண்டார்கள். அசிட்டைல்கோலினுக்கோ அவ்வாயில் வழக்கம்போல் திறக்கிறது. பாம்பு தன் விஷத்தால் தான் சாகாமலிருப்பதற்கும் காரணம் ஏறக்குறைய இதுவே.

மனிதனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நமக்கு வாய்த்தது, விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுக்கும் மாற்று மருந்து. அதற்கான விஷத்தைத் தருகிறவர்களில் முதன்மையானவர்கள், 1978-இல் ஏற்பட்டு மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கிவரும் கூட்டுறவுச் சங்கத்து இருளர்கள். செஞ்சி, திண்டிவனம் பக்கங்களிலும் குடிசை போட்டு வாழ்கிற அதே இருளர் குலத்தவர்தாம் அவர்கள். அக்குலத்து வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தது என்பது என் அபிப்பிராயம்.

செஞ்சி வட்டாரத்து வாசகர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். இரவில் தரையில் படுக்காமல் கட்டிலில் படுங்கள்; முடியாவிட்டால் கொசுவலையின் ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். காலையில் எழுந்தவர் ஒருவருக்குக் காரணமில்லாமல் இமை சரிந்தால், கடித்த தடம் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். கயிற்றால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம், கீறவும் வேண்டாம், மந்திரிக்க அழைத்துப்போய்ப் பொழுதைக் கழிக்கவும் வேண்டாம். நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மாற்று மருந்து அங்கே இலவசம்.