முடுக்கமானி எதை அளக்கிறது?

ஆர்டுயினோவில் விளக்கை எரியவைத்துப் பழகியவர்கள் அடுத்து வாங்கும் சென்சார்களில் முடுக்கமானி போர்டுக்கு முக்கிய இடம் உண்டு. வாங்கியதும் பலருக்கும் ஒரே ஆசைதான் வருகிறது: இதைப் பொம்மைக் காரில் பொருத்தினால் கார் எவ்வளவு தூரம் போனது என்று கணக்கிட்டுவிடலாமே! முடுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வேகம், வேகத்தைக் கூட்டினால் தூரம். பள்ளி இயற்பியலும் அதைத்தான் சொல்கிறது. அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் இந்தச் சிப் நகர்வை அளப்பதில்லை. ஈர்ப்பை உணரும் கருவியாக அதை எடுத்துக்கொள்கிறவர்களுக்கே அது முழுப் பயனையும் தரும்.

அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடிஎக்ஸ்எல்345 போன்ற சிப்பின் உள்ளே, சிலிக்கான் சுருள்களில் ஒரு நுண்ணிய சிலிக்கான் கட்டி தொங்குகிறது. கட்டி சற்று விலகினால், அதை ஒட்டிய தகடுகளின் மின்தேக்குதிறன் மாறும். அந்த மாற்றமே எண்ணாக வெளிவருகிறது. சமமான மேஜையில் அசையாமல் வைத்தாலும் கட்டி தன் எடையால் தாழ்ந்தே நிற்கும். அதனால் செங்குத்து அச்சு 1 ஜி, அதாவது பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தின் அளவு, என்று காட்டும். கையிலிருந்து நழுவி விழும்போது கட்டியும் சட்டமும் சேர்ந்தே விழுவதால் விலகல் மறைந்து, மூன்று அச்சுகளும் பூஜ்யத்தை நெருங்கும். ஈர்ப்பையும் முடுக்கத்தையும் உள்ளிருந்தபடியே பிரித்தறிய முடியாது என்று ஐன்ஸ்டைன் 1907இல் கண்டதை இந்தச் சிறு போர்டில் யாரும் சோதித்துப் பார்க்கலாம். இதில் ஒரு நடைமுறை வசதியும் இருக்கிறது. மேஜையில் கிடக்கும் போர்டு மூன்று அச்சிலும் பூஜ்யம் காட்டினால் எங்கோ கோளாறு. சிப் இன்னும் விழிக்காமல் இருக்கலாம்: ஏடிஎக்ஸ்எல்345, எம்பியு-6050 என்ற இன்னொரு சிப் இரண்டுமே மின்சாரம் கொடுத்ததும் உறக்கநிலையில்தான் தொடங்கும். நிரல் அவற்றை எழுப்பியாக வேண்டும்.

இனி அந்தத் தூரக் கணக்கு. போர்டு வெறும் 1 டிகிரி சாய்ந்திருப்பதைக் கவனிக்காமல் விட்டால், ஈர்ப்பின் ஒரு துளி, சுமார் 0.0175 ஜி, முன்னோக்கிய முடுக்கமாக வேடம் போடும். நின்ற இடத்தை விட்டு நகராத கார், பத்தே நொடியில் எட்டரை மீட்டர் போனதாகக் கணக்கு சொல்லும். ஒரு நிமிடத்தில் அது முந்நூறு மீட்டரைத் தாண்டிவிடும். பிழை நேரத்தின் வர்க்கத்தில் வளர்வதே காரணம். அளவைத் திருத்திக்கொண்டால் சரியாகாதா? போர்டை ஆறு பக்கமும் திருப்பி வைத்து, ஒவ்வோர் அச்சும் கூட்டல் 1, கழித்தல் 1 ஜி காட்டுமாறு திருத்துவது அவசியமான வேலைதான். ஆனால் வெப்பநிலை மாறினால் அந்தத் திருத்தமும் நகரும். கார் ஒரு கல்லில் ஏறிச் சாய்வதை அது அறியவும் அறியாது. விமானங்கள் இதே முறையில் வழி காண்கின்றனவே என்றும் கேட்கலாம். அவற்றின் கருவிகளின் துல்லியம் வேறு தரம். சாய்வைக் கணத்துக்குக் கணம் சொல்லும் கைரோக்கள் கூடவே இருக்கின்றன. அப்படியும் பிற வழிகாட்டிகளைக் கொண்டு அவ்வப்போது திருத்திக்கொள்கிறார்கள். எம்பியு-6050இல் கைரோவும் உண்டு. இரண்டு சக்கரத்தில் நிமிர்ந்து நிற்கும் ரோபோவுக்கு அது போதும்: உடனடி அசைவைக் கைரோவிடமும், நீண்டகால நிலையை ஈர்ப்பிடமும் கேட்டுக் கலந்துகொள்ளலாம். தூரத்துக்கு அது போதாது. சக்கரத்தில் சுற்றெண்ணி பொருத்துவதே நேரான வழி.

தூரத்தை விட்டுவிட்டால் மிஞ்சுவது கொஞ்சமல்ல. சாய்வை எடுத்துக்கொள்வோம். செங்குத்து அச்சை மட்டும் பார்த்துச் சாய்வைக் கண்டுபிடிக்க முயல்பவர்கள் ஏமாறுவார்கள். 1 டிகிரி சாய்ந்தால் அந்த அச்சில் மாறுவது 0.00015 ஜி மட்டுமே. ஏடிஎக்ஸ்எல்345இன் மிகச் சிறிய படியோ ஏறத்தாழ 0.004 ஜி. அதே சாய்வு கிடை அச்சில் நான்கு படிகளுக்கு மேல் மாற்றம் காட்டும். ஆகவே இரண்டு அச்சுகளின் விகிதத்திலிருந்து கோணம் எடுக்க வேண்டும். விழுவதை உணர்வதும் இந்தச் சிப்பின் இயல்பான வேலையே. 2003இல் ஐபிஎம் தன் திங்க்பேட் மடிக்கணினிகளில் முடுக்கமானியை வைத்ததே, கணினி தரையில் மோதும் முன் வன்தட்டின் முனையை ஒதுக்கிவிடத்தான்.

அதிர்வை அளக்க நினைப்பவர்கள் அளவெடுக்கும் வேகத்தையும் ஒட்டும் விதத்தையும் யோசிக்க வேண்டும். நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டாரின் அச்சு சமநிலை இழந்தால், நொடிக்கு 24 முறை அதிரும். நொடிக்கு 24 முறையே அளவெடுத்தால் ஒவ்வொரு முறையும் அதிர்வின் ஒரே புள்ளி அகப்பட்டு, மோட்டார் அமைதியாக ஓடுவதாகத் தெரியும். 48க்கு மேல் எடுத்தாக வேண்டும்; 200, 400 என்று எடுத்தால் அலையின் வடிவமே துலங்கும். போர்டைப் பஞ்சு நாடாவில் ஒட்டினால் வேகமான அதிர்வுகளைப் பஞ்சே விழுங்கிவிடும் என்பதால், மோட்டாரின் உடலில் திருகாணி போட்டு இறுக்குவதே நல்லது.